கண்ணாடி எந்த உயரத்தில்

கதவில் கண்ணாடி பதிக்க வேண்டும் என்று சபைச் செயலாளர் சொன்னதும் ரசமட்டம் கேட்ட முதல் கேள்வி, எந்த உயரத்தில் என்பதுதான். தச்சர் வேறென்ன கேட்பார்? முப்பது வருடமாக மரத்தோடு மல்லுக்கட்டுகிற மனுஷர். யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த டீயைக் குடிப்பதற்கு முன்னால் டம்ளரை மேசையில் வைத்து, டீ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். அதனால்தான் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். வழிபாட்டுக் கூடத்தில் இருக்கிற பெஞ்சு, மேடை, புத்தக அலமாரி எல்லாமே அவர் கைவேலை. பிள்ளைகள் வேதப்பாடம் படிக்கிற பின்னறையின் கதவும் அவர் செய்ததுதான். அந்தக் கதவில்தான் இப்போது கண்ணாடி வேண்டுமாம்.

"எதுக்குங்க கண்ணாடி?"

"வெளிச்சத்துக்கு" என்றார் செயலாளர்.

"ரூமுக்கு ரெண்டு ஜன்னல் இருக்கே."

"இருக்கட்டும். குழு முடிவு பண்ணியாச்சு."

சரி, குழு முடிவு பண்ணினால் பண்ணிவிட்டுப் போகட்டும் என்று ரசமட்டம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஆள் நின்றால் முகம் தெரிகிற உயரத்தில், ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாகக் கோடு போட்டார். எல்லா ஆபீஸ் கதவிலும் அப்படித்தான் இருக்கும். செயலாளர் திருப்தியில்லாமல் உச்சுக் கொட்டினார். கொஞ்சம் குனிந்து, தன் தொடை உயரத்தில் கையை வைத்துக் காட்டினார்.

"இது வரைக்கும் வரணும். உட்கார்ந்திருக்கிற பிள்ளை வெளியில இருந்து தெரியணும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டார். வெளிச்சத்துக்குப் போடுகிற கண்ணாடியில் பிள்ளை எதற்குத் தெரிய வேண்டும்? ரசமட்டத்தின் கையில் பென்சில் அப்படியே நின்றது.

"உள்பக்கத் தாழ்ப்பாளையும் எடுத்துடுங்க" என்றார் செயலாளர், சுவரைப் பார்த்தபடி.

அந்தத் தாழ்ப்பாளைப் போட்டதும் ரசமட்டம்தான். பதினான்கு வருடம் இருக்கும். பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து மனப்பாடம் கேட்கும்போது மற்ற பிள்ளைகள் வந்து வந்து தொந்தரவு பண்ணுகிறார்கள் என்று வேதப்பாடம் எடுக்கிற வாத்தியாரய்யா சொன்னார். அன்று சாயங்காலமே போய் நாலு திருகாணி முடுக்கிவிட்டு வந்தார். வாத்தியாரய்யா சொல்லி இந்த ஊரில் யார் தட்டியிருக்கிறார்கள்? கல்யாணமா, சாவா, வீட்டில் சண்டையா, முதலில் ஓடுவது அவரிடம்தான். அவர் தலையில் கை வைத்தால் காய்ச்சல் குறையும் என்று நம்புகிற ஆட்கள் இருந்தார்கள். ரசமட்டமும் அதில் ஒருவர்.

"யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார்.

"மெதுவாப் பேசுங்க. ஒரு குடும்பம் வந்து சொல்லிச்சு. உண்மையோ பொய்யோ, யார் கண்டா? அவரும் வயசானவர். நாளைக்கு நாலு பேர் வாயில விழுந்தா நம்ம சபை பேரு என்ன ஆகும்? கண்ணாடி போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"அவரே தொடர்ந்து வகுப்பு எடுப்பாரா?"

"கண்ணாடிதான் இருக்கே" என்றார் செயலாளர்.

ரசமட்டம் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். வேலை இருக்கிறது, கதவு ரெண்டு நாள் இங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். நடக்கும்போது ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாலும் போகவில்லை. மகளுக்கு அப்போது பதினொரு வயது. தாழ்ப்பாள் போட்ட அதே வருடம்தான் அவளுக்கு வகுப்பு நாளில் மட்டும் வயிற்று வலி வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் போகிற நாளில் வராத வலி. நடிக்கிறாள் என்று அவரே தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், அந்தக் கதவுக்கு முன்னால் வைத்துப் பளாரென்று ஒரு அறை விட்டார். வாத்தியாரய்யா வெளியே வந்து, "பிள்ளையை அடிக்காதீங்க" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்து உள்ளே கூட்டிப்போனார். எப்பேர்ப்பட்ட மனசு இவருக்கு என்று ரசமட்டம் கண் கலங்கி நின்றார்.

மகள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். காலை ஆறு மணிக்குப் போனால் மத்தியானம் வந்துவிடுவாள். சின்னப் பிள்ளைகள் வந்தால் அவளிடம்தான் அனுப்புவார்கள். "கையைப் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டு, பிள்ளை தலையாட்டிய பிறகுதான் தொடுவாள். எவ்வளவு கூட்டம் நின்றாலும் அப்படித்தான். அவர் வந்தபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கூடத்துல ஒரு கதவுக்குக் கண்ணாடி போடச் சொல்றாங்க" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"எந்தக் கதவு?"

"பின்னறை."

அவள் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எவ்வளவு கீழ வரைக்கும்?" என்று கேட்டாள்.

ரசமட்டம் சட்டையும் கையுமாக அப்படியே நின்றார். உலகத்தில் வேறு யாராவது இந்தக் கேள்வியைக் கேட்பார்களா? அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மனைவி ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மிச்சமும் அவருக்குப் புரிந்துபோயிற்று.

"உனக்குத் தெரியுமா?"

"அப்பவே சொன்னா. நான்தான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னேன்" என்றாள் மனைவி. "நீங்க அந்தாளை வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போயிடுவீங்கன்னு பயந்தேன். இல்லன்னா, எங்கே அவர் பக்கம் பேசிடுவீங்களோன்னு. எது பெரிய பயம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல."

மனைவிமேல் வந்த கோபம் வந்த வேகத்திலேயே அடங்கிப்போனது. கோபப்பட அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உன்னை அடிச்சேனேம்மா."

"ஆமாப்பா" என்றாள் அவள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. "அடிச்சதுகூட மறந்துடுச்சு. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனீங்களே, அதுதான் மறக்கல."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது முடிக்கும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப வகுப்புல எத்தனை பேரு?"

"பதினாலு பிள்ளைங்க."

"அப்ப நான் சொல்லித்தான் ஆகணும். இந்த வாரக் கூட்டத்துலயே."

"நான் பேசறேம்மா. நீ எதுக்கு அத்தனை பேர் முன்னால..."

"நீங்க பேசினா, தச்சருக்கும் குழுவுக்கும் ஏதோ தகராறுன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. நானே சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

வாரக் கூட்டத்தன்று கூடம் நிறைந்திருந்தது. பெஞ்சு போதாமல் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாத்தியாரய்யா முன்வரிசையில் வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழிபாடு முடிந்து அறிவிப்புகள் நேரம் வந்தது. மகள் எழுந்து போய் மைக்கைக் கேட்டதும் செயலாளர் சிரித்த முகமாகக் கொடுத்தார். வருடா வருடம் ரத்தப் பரிசோதனை முகாமுக்கு அறிவிப்புச் செய்கிறவள் அவள்தானே. ரசமட்டம் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"எனக்குப் பதினொரு வயசா இருக்கும்போது, பின்னறையில வாத்தியாரய்யா என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார். ஒரு தடவை இல்ல. ஒரு வருஷம்."

செயலாளர் ஓரத்தில் மைக் செட்டுப் பக்கம் இருந்தவருக்குக் கண்ணைக் காட்டினார். அடுத்த வார்த்தையில் மைக் செத்துப்போனது. ரசமட்டத்துக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரே எட்டில் போய் அந்த ஆளின் கையைப் பிடித்திருப்பார். மகள் அவர் முழங்கையைத் தொட்டாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலிலேயே தொடர்ந்தாள். கத்தவில்லை. முதல் நாலைந்து வரிசைக்கு மேல் அது போயிருக்காது. அந்த வரிசைகளில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரய்யா ஏதோ வசனத்தைத் தேடுகிறவர் போல மெல்லப் பக்கம் புரட்டினார்.

பின்னாலிருந்து நாற்காலி இழுபடுகிற சத்தம் வந்தது. யாரோ எழுந்து வெளியே போகிறார்கள் என்று ரசமட்டம் நினைத்தார். சத்தம் நடுப்பாதையில் நெருங்கி வந்தது. ஓர் இளம் தாய். ஒரு கையில் நாற்காலி, இன்னொரு கையில் பத்து வயதுப் பெண் பிள்ளை. நேராக முன்வரிசைக்கும் முன்னால் வந்து, வாத்தியாரய்யாவுக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டாள். உட்கார்ந்து பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டாள்.

"பின்னால கேக்கலம்மா" என்றாள். "முதல்ல இருந்து சொல்லு."

பின்வரிசையில் இன்னொரு நாற்காலி நகர்ந்தது.