மலை மேலிருந்து அமெரிக்கா

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பாதையில் மரம் விழுந்திருக்கிறதா, பனி இறங்கிவிட்டதா, பெருமாள்மலைக்குக் கீழே லாரி குறுக்கே நிற்கிறதா என்பதையெல்லாம் டிவி பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எதிரே இறங்கி வரும் வண்டியை நிறுத்திக் கேட்க வேண்டும். ஒருத்தனைக் கேட்டால் போதாது. ஒருத்தன் அவசரத்தில் இருப்பான், இன்னொருத்தன் பயந்தாங்கொள்ளியாக இருப்பான். மூன்று பேரைக் கேட்டு, இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்பி ஏறலாம். வாலிப வயசிலிருந்து டாக்சி ஓட்டும் பரமானந்தம் இந்த வழக்கத்தை மீறியதும் இல்லை, வழியில் மாட்டிக்கொண்டதும் இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு சேனல், கொடைக்கானல் துண்டிக்கப்பட்டது என்று காலையிலிருந்து அலறியபோது, அவர் அதே பாதையில் ஒரு தேனிலவு ஜோடியை ஏற்றிக்கொண்டு வந்து ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, டீ குடித்துக்கொண்டே அந்தச் செய்தியைப் பார்த்தார். அதில் காட்டிய மண்சரிவு எந்த வருஷத்தைச் சேர்ந்ததோ, எந்த மலையைச் சேர்ந்ததோ, அந்தச் சேனலுக்கே தெரிந்திருக்காது.

அவ்வளவு விவரமான மனுஷன் அமெரிக்கா விஷயத்தில் கோட்டை விட்டார்.

மகள் சுஜிதா நர்ஸ் வேலைக்கு டெக்சாஸ் போனதிலிருந்து பிடித்த கிறுக்கு இது. இங்கிலீஷ் அவருக்கு ஏற்கெனவே வரும். கொடைக்கானல் பள்ளிக்கூடங்களில் படித்துவிட்டுப் போன வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலை நரைத்தபிறகு பழைய இடம் பார்க்க வருவார்கள், அவர்களை ஏற்றி இறக்கியே கற்றுக்கொண்டது. அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு போனில் அமெரிக்கச் சேனல்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு சேனலில் ஒரு ஊர் பற்றி எரிந்தது. அடுத்த சேனலில் அதே ஊர், அதே தெரு, அதே நாள், தாய்மார்கள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இதில் பேசுகிறவர் அதில் பேசுகிறவரைப் பொய்யன் என்றார், அதில் இருப்பவர் இவரைத் துரோகி என்றார். இருவருக்கும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி பல். தமிழ்ச் சேனல்காரர்கள் இரண்டையும் வெட்டி ஒட்டி, நடுவில் சிவப்பில் ஒரு அம்புக்குறி போட்டு, 'அதிரும் அமெரிக்கா' என்றார்கள்.

"அது எப்பத்தான் அதிராம இருந்துச்சு," என்பாள் மனைவி புஷ்பமேரி, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே. "எம் பிள்ளை சாப்பிட்டாளான்னு ஒருத்தனாவது சொல்றானா."

இதையெல்லாம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா. சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஏரிக்கரை ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கு அமெரிக்காவைப் பிரித்து மேய்ந்தார். ராஜமுருகன் என்ற இளவட்ட டிரைவர் அதை ஒருநாள் போனில் பிடித்து யூடியூபில் போட்டு, 'மலை மேலிருந்து அமெரிக்கா' என்று பெயரும் வைத்தான். முதலில் ஸ்டாண்டுக்காரர்கள் மட்டும் பார்த்தார்கள், பிறகு யார் யாரோ பார்த்தார்கள். வத்தலக்குண்டு பெட்ரோல் பங்கில் ஒருவர், "அமெரிக்கா சார்தானே?" என்று கேட்டு ஒட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அட்டுவம்பட்டி வீட்டுக்கு வந்த பரமானந்தம் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். ஒரு மனுஷனைக் கெடுக்கப் பெரிய புகழெல்லாம் வேண்டாம், இவ்வளவு போதும்.

இந்தச் சமயத்தில் மகன் ஆக்னலுக்குக் கல்யாணம் கூடி வந்தது. ஜனவரி கடைசியில் தேதி. கிறிஸ்துமஸ் நெருக்கடிக்கு முன்பே, நவம்பரிலேயே, கோயிலில் ஓலை வாசிக்கக் கொடுத்தாகிவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி, தடை உண்டென்று தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசிப்பார். சுஜிதாவும் டிக்கெட் போட்டுவிட்டாள். போய் நாலு வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட வரவில்லை. புஷ்பமேரி மகளுடைய அறையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை வெளியேற்றிவிட்டு, சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வைத்தாள்.

முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் சுஜிதா கூப்பிட்டாள். குரலில் ஒரு சுரத்தும் இல்லை.

"அப்பா, இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஊருக்குப் போனா திரும்ப உள்ள விடுறது சந்தேகம்ங்கிறாங்க. ஆஸ்பத்திரி வக்கீலைக் கேட்டா, போகாதேன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. சென்னைக்குப் போய் விசா முத்திரை வாங்காம திரும்ப முடியாது, அது எப்பக் கெடைக்கும்னும் தெரியல."

"அதெல்லாம் சும்மா கெளப்பி விடுறதா இருக்கும் பாப்பா."

"நீங்கதான் எல்லாத்தையும் பாக்குறீங்களே. நீங்க சொல்லுங்கப்பா. நான் வரவா, வேண்டாமா?"

 மகள் தன்னிடம் கேட்டதில் அவருக்கு உள்ளுக்குள் பெருமை, பதில் தெரியாததில் பயம். 

"அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள விசாரிச்சுச் சொல்றேன்," என்றார்.

எப்படி விசாரிப்பது? அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அமெரிக்காவிலிருந்து எதிரே வருகிறவர்களை நிறுத்திக் கேட்பது. மறுநாளிலிருந்து ஹோட்டல் வாசல்களில் வண்டியைப் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரச் சவாரிக்கு அலைந்தார்.

முதலில் கிடைத்தது ஒரு வயசான தம்பதி, தூண் பாறைக்குப் போகிறவர்கள். நாடு இப்போதுதான் உருப்பட்டிருக்கிறது, செய்திக்காரர்களுக்குப் பிழைப்பு ஓடவேண்டுமே, முறைப்படி வந்த உன் மகளுக்கு ஒரு குறையும் வராது, தாராளமாக வந்து போகட்டும் என்று பெரியவர் அவர் தோளில் தட்டினார். பரமானந்தத்துக்கு மனசு லேசானது. ஒன்று ஆயிற்று, இன்னும் ஒருத்தர் சொன்னால் போதும்.

இரண்டாவது, வட்டக்கானலுக்குத் தனியாகப் போன ஒரு பெண்மணி. கேள்வியைக் கேட்டதுமே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் நாடு எனக்கே அடையாளம் தெரியவில்லை, மகளை உடனே கூப்பிட்டுக்கொள் என்றாள். கொஞ்ச தூரம் போனதும், கூப்பிடாதே, வந்தால் திரும்பவே முடியாது என்றாள். பரமானந்தம் வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

மூன்றாவது ஒரு வாலிபன், கையில் கிடார். நான் செய்தி பார்ப்பதை விட்டு ரெண்டு வருஷமாகிறது, நீயும் விட்டுவிடு, நிம்மதியாக இருப்பாய் என்றான். மலைப்பாதையில் எதிரே வரும் டிரைவர் எவனும் அவரிடம், நான் ரோட்டைப் பார்க்காமலேதான் ஓட்டி வந்தேன் என்று இதுவரை சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. வீடியோ போடவேண்டிய நாள். மண்டைக்குள் பெருமாள்மலைப் பனி மாதிரி ஒன்றும் தெரியவில்லை.

"என்னலே பேசுறது? எனக்கே ஒரு எழவும் புரியல," என்றார் ராஜமுருகனிடம்.

"புரியலன்னு மட்டும் சொல்லிராதீங்கண்ணே. போன மாசம் ஒருக்கா 'பொறுத்துத்தான் பாக்கணும்'னு சொன்னீங்க, பாதியிலயே அம்புட்டுப் பேரும் ஓடிட்டாங்க. எதையாச்சும் அடிச்சுச் சொல்லுங்க. வெரசா ஆரம்பிங்க, சவாரி வந்துரும்."

போனை டாஷ்போர்டில் நிறுத்தினான். பரமானந்தம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். போனில் கேமரா ஓடும் பச்சைப் புள்ளி எரிந்ததும் அவருக்குள் வேறொரு ஆள் வந்து உட்கார்ந்தான். "அமெரிக்காவுல இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளே, இந்தப் பரமானந்தம் சொல்றேன், எழுதி வச்சுக்கங்க. இந்த நேரத்துல எவரும் நாட்டை விட்டுக் கெளம்பாதீங்க. கேட்டைச் சாத்தப் போறான்," என்று அந்த ஆள் முழங்கினான். தான் பேசுவதைக் கேட்டுத் தானே மிரளும் அளவுக்குப் பேசினான். அந்த வீடியோவைப் போல அவருடையது எதுவும் அதுவரை ஓடியதில்லை. சனிக்கிழமை முழுக்க ராஜமுருகன் போனை நீட்டிக்கொண்டே இருந்தான்.

மகள் கேட்ட கேள்விக்கும் இந்த வீடியோவுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை இதுதான். வீடியோ என்பது ஊருக்கு. மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தனியாக, நிதானமாக, வேறு ஏதோ சொல்வதாகத்தான் இருந்தார். என்ன சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

இரண்டாவது ஓலை வாசித்து முடிந்து கோயிலிலிருந்து வெளியே வந்ததும் அவரே போன் போட்டார்.

"பாப்பா, அந்த விஷயம்..."

"கேன்சல் பண்ணிட்டேன்பா."

"எதை?"

"டிக்கெட்டை. லீவையும் வேற ஒரு பிள்ளைக்கு மாத்திக் குடுத்தாச்சு."

"யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டுத்தான்பா. வீடியோவுல சொன்னீங்களே."

பரமானந்தம் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். "நீ அதையெல்லாம் பாப்பியா?"

"ஒண்ணு விடாமப் பாப்பேன். இங்க நாங்க நாலஞ்சு பேரு, சாப்பிடுற நேரத்துல போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். உங்க குரலு கேக்கும்ல."

"அது சும்மா பேசுனது பாப்பா. நெசமா எனக்கு ஒண்ணும் தெரியாது."



"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல," என்றாள் அவள், கோபமே இல்லாமல். "மூணு பேரைக் கேக்காம நீங்க எதையும் சொல்ல மாட்டீங்களே. அதான் நம்பினேன்."

மூன்று பேரைக் கேட்டதும் உண்மைதான் என்று அவர் சொல்லவில்லை. அந்த லீவு பிறகு கிடைக்கவே இல்லை. சுஜிதாவோடு வேலை செய்யும் ஒரு மலையாளிப் பெண் ஊருக்குப் போய்விட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்து வேலையில் சேர்ந்தாள். இன்னொருத்தி போனவள் முத்திரைக்காக ஹைதராபாத்தில் காத்துக் கிடந்தாள். மலையாளிப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று பரமானந்தத்துக்கு நெஞ்சு எரிந்தது, ஹைதராபாத்காரியைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அடுத்தவள் கஷ்டத்தில் நிம்மதியா என்று அதற்கும் வெட்கமாக இருந்தது. புஷ்பமேரி திட்டவில்லை. பெயின்ட் அடித்த அறைக் கதவைச் சாத்தி வைத்தாள். பரமானந்தம் வீடியோ போடுவதை நிறுத்திவிட்டார். ராஜமுருகன் கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் விருந்து. மணமக்கள் மேடைக்குக் கீழே ஒரு மேசைமேல் போனை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் சுஜிதா, அவளுக்கு அங்கே ராத்திரி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிறவர்கள் குனிந்து அவளுக்குக் கையாட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

பரமானந்தம் பந்தியை விசாரித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்தார். வேலுச்சாமி என்று பெயர், பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை, பெண் வீட்டுக்குப் பழக்கமானவர்.

"அமெரிக்கா சார், உங்களைப் பாக்கத்தான் மலையேறி வந்தேன். எனக்கு இருதய ஆபரேஷன் நடந்துச்சு. எம் மகன் மனோஜ்குமார் நியூ ஜெர்சியில இருக்கான், கெளம்பி வாரேன்னு நின்னான். உங்க பேச்சைக் கேட்டதும், வராதப்பான்னு நானே சொல்லிட்டேன். அவன் பொழைப்பைக் காப்பாத்திக் குடுத்தீங்க. நல்லா இருப்பீங்க."

 இந்த மனுஷன் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லாமல் போனதற்கும் நான்தான் காரணமா என்று பரமானந்தம் நினைத்தார்.

"அண்ணாச்சி, அங்க ராத்திரியா இருந்தாலும் உங்க மகனுக்குப் போன் போட்டுக் குடுங்க. நான் ஒரு வார்த்தை பேசணும்," என்றார்.

போனை வாங்கிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே போனார். "தம்பி, நான்தான் அந்த வீடியோக்காரன். நான் சொன்னதுக்கு ஒரு ஆதாரமும் கெடையாது. எனக்குத் தெரியாமலேதான் சொன்னேன். என்னை மன்னிச்சிரு."

 அந்தப் பக்கம் பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார், அப்பா பக்கத்துல இல்லையே? எனக்கு இங்க வேலை போற மாதிரி இருந்துச்சு. அப்பக் கெளம்ப முடியல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க வீடியோவை நாந்தான் அவருக்கு அனுப்பி வச்சேன். தயவுசெஞ்சு சொல்லிராதீங்க."

உள்ளே வந்து போனைத் திருப்பிக் கொடுத்தார். "என்ன சொன்னான்?" என்று வேலுச்சாமி ஆசையாகக் கேட்டார். "உங்களைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கான்," என்றார் பரமானந்தம். அது பொய்யா நிஜமா என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

அதற்குமேல் பந்தியில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. அப்படியானால் சுஜிதா? அவளும் வரவேண்டாமென்று நினைத்துத்தான் என் தலையில் போட்டாளா? போன் நின்ற மேசைக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு, மகளின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"பாப்பா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. உனக்கு வரணும்னு இருந்துச்சா, இல்லையா?"

 சுஜிதா மூக்குத்தியை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பயமா இருந்துச்சுப்பா," என்றாள். "திரும்ப விடுவானா மாட்டானான்னு இங்க யாருக்குமே தெரியல, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அது எனக்குத் தெரியாதா? என்ன ஆனாலும் பாத்துக்கலாம், நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் அன்னைக்கு உங்களைக் கேட்டேன்."