பீப்பாய்க்குள் லிபோரியோ

லிபோரியோ செத்த பிறகு வந்த குளிர்காலத்தில், அவன் வீட்டு ஒயின் பீப்பாய் சீழ்க்கையடிக்கத் தொடங்கியது. சிசிலியின் மேற்குக் கரையில், உப்பளங்களுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஊரில், அதற்காக யாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரவில்லை. காஸ்பரேயின் ஒரே மகன் அவன். தொட்டியில் இறங்கித் திராட்சை மிதிக்கும்போதெல்லாம் சீழ்க்கையடிப்பான். அறுவடை முடிந்த கையோடு காய்ச்சலில் போய்விட்டான். அவன் மிதித்த சாறுதான் அந்தப் பீப்பாய்க்குள் போயிற்று. பின்னே அது வேறெப்படிச் சத்தம் போடும்?

அந்தப் பீப்பாய் காஸ்பரேயின் பாட்டன் காலத்திலிருந்து காலியானதே இல்லை. வருஷா வருஷம் கொஞ்சம் இறக்கிக் குடிப்பார்கள், இறக்கிய அளவுக்குப் புது ஒயினை ஊற்றுவார்கள். இங்கே எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆனால் லிபோரியோவின் தாய் அகத்தா, பீப்பாயின் வாயையும் குழாயையும் மெழுகு வைத்து அடைத்துவிட்டாள். வேறு எவன் கால் பட்ட சாறும் தன் பிள்ளையோடு கலக்கக் கூடாது என்றாள். பகலெல்லாம் நிலவறையில் பீப்பாய் மேல் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பெற்ற வயிறு, ஊரும் அவளை அவள் போக்கில் விட்டுவிட்டது.

கோடைகள் போயின. எங்கள் வெயில் திராட்சைக்குத்தான் நல்லது, ஒயினுக்கு ஆகாது. கடல் தாண்டி வரும் அனல்காற்று பீப்பாய்ப் பலகையின் வழியே ஒயினை உறிஞ்சியது. சீழ்க்கை கரகரத்து, பிறகு இருமல் போலானது. நிலவறையில் காடி வாடை லேசாக அடித்ததும் காஸ்பரே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யாரும் குடிக்காம வெச்சிருந்தா புளிச்சுப் போயிடுவான்டி."

"குடிச்சா தீர்ந்து போயிடுவானே."

"தீர்ந்தா தீரட்டும். நம்ம புள்ள காடியா நிக்க வேணாம்."

 அகத்தா கொண்டை ஊசியை உருவி மெழுகைச் சுரண்டினாள்.

புது ஒயின் திறக்கும் புனித மார்த்தீன் திருநாளன்று ஊரே வந்து ஆளுக்கொரு குவளை குடித்தது. அகத்தா மட்டும் தொடவில்லை. புது ஒயினை ஊற்றியதும் பீப்பாய் ஊமையாகிவிட்டது. குடித்தவர்கள் சீழ்க்கையடித்துக்கொண்டே வீடு போனார்கள். பாதிரியார் பூசைக்கு நடுவே சீழ்க்கையடித்துவிட்டு, இருமிச் சமாளித்தார்.

அன்று முதல், தோட்டத்திலிருந்து ஆண்கள் திரும்பும் நேரத்தில் அகத்தா காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். சீழ்க்கை கிட்ட வந்ததும், வந்தவன் வழுக்கையனோ பல் போனவனோ, கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்து அவரைக்கூழ் ஊற்றுவாள். "எளைச்சுப் போயிட்டேடா" என்பாள். ஊர் ஆண்கள் முறை வைத்துக்கொண்டு போகிறோம். போன வாரம் என் முறை. கூழில் உப்பு தூக்கல், லிபோரியோவுக்கு அப்படித்தான் பிடிக்கும். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்தேன்.