நீச்சல் டீச்சர் முழுகாமல் இருக்கிறாளா?

இரண்டு ஓரகத்திகளும் மூன்று நாள் இடைவெளியில் பிள்ளை பெற்றார்கள். மூத்தவளுக்குச் செவ்வாய்க்கிழமை பையன், இளையவளுக்கு வெள்ளிக்கிழமை பெண். அண்ணனும் தம்பியும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே மாடியில், ஒரே ஃபிளாஸ்க்கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பையனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது, முகத்தில் எந்நேரமும் ஆழ்ந்த யோசனை. அதனால் வீட்டில் அவனுக்குத் தாத்தா என்று பெயர் வந்தது. பெண் குழந்தைக்குப் பசித்தால் வீட்டின் இரண்டு மாடியும் எழுந்து நிற்க வேண்டும். அவள் மேனேஜர்.

மூத்தவளுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. நாள் முழுக்க மெழுகில் பல்லைப் பதித்து, ஈறு செதுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கிடைத்த லீவு ஆறு வாரம்தான். பகலில் தாத்தா புட்டிப்பால் குடித்தான். காலையிலும் இரவிலும் மட்டும் தாய்ப்பால். வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே, யாரோ ஒருவரின் கீழ்த்தாடையைக் கையில் வைத்திருந்தபோது அவளுக்குப் பீரியட்ஸ் வந்துவிட்டது. பிள்ளை பெற்று ஏழே வாரம். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் வந்தது.

இளையவள் நீச்சல் குளத்தில் டீச்சர். பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பாள், தண்ணீரைக் கண்டால் கைப்பிடிக் கம்பியை விடாத ஆட்களைக்கூட இரண்டு வாரத்தில் மல்லாக்க மிதக்க வைத்துவிடுவாள். அவளுக்கு ஆறு மாத லீவு. அதற்குப் பிறகும் காலை வகுப்புகள் மட்டும்தான். மேனேஜர் புட்டியைப் பார்த்தாலே வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஆகவே பஸ் டிரைவரான அவள் கணவன், பிற்பகல் ஷிப்டுக்குப் போகும்முன், பத்தரை மணிக்குக் குழந்தையைக் குளத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவான். லாக்கர் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து ஈரத் தலையோடு பால் கொடுப்பாள். பகலிலும் இரவிலும் அதேதான்.

அவளுக்குப் பீரியட்ஸ் வரவேயில்லை. மூன்று மாதம் ஆனது, ஆறு மாதம் ஆனது. உனக்குக் கொடுப்பினை என்று மூத்தவள் சொல்வாள். இளையவளும் சிரித்துக்கொள்வாள். மேனேஜர் மசித்த வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் தின்ன ஆரம்பித்த பிறகும் வரவில்லை. ஒன்பதாம் மாதத்திலிருந்து அவளுக்கே சிரிப்பு குறைந்துபோனது. பிள்ளை பெற்றதோடு உடம்பு ஏதோ ஒரு கதவைச் சாத்திவிட்டதோ என்று தோன்ற ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பதினோராம் மாதம் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. குளத்து மருந்து வாசனை வயிற்றைப் புரட்டியது. மார்பு கனத்து வலித்தது. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது. ஒருநாள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மூத்தவளிடம் போய் நின்றாள்.

"அக்கா, பால் கொடுக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொல்றாங்க?"

மூத்தவள் வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள். "யார் சொன்னா?"

"எல்லாருந்தான்."

"ஏண்டி, தினம் காலையில குளத்துல முழுகி எழுந்திரிக்கிறவ, இப்ப முழுகாம இருக்கேன்னு சொல்ல வர்றியா?"

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் நின்றது. பிறகு மிச்சத் துணியை இருவருமாகக் காயப்போட்டார்கள்.

பக்கத்து மருந்துக்கடைக்காரர் இளையவளிடம் நீச்சல் கற்றவர். அதனால் மூத்தவள் நாலு தெரு தள்ளிப் போய்ச் சோதனைக் குச்சி வாங்கி வந்தாள். ஒரு கோடுதான் விழுந்தது. கர்ப்பம் இல்லை. ஆனால் இளையவள் ஒரு கோட்டை நம்பத் தயாராக இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டாவது கோடு லேசாகத் தெரிகிறது என்றாள். பல்லின் வெள்ளையில் பதினாறு வகை பிரித்துப் பார்க்கிற மூத்தவள், அங்கே ஒரு மண்ணும் இல்லை என்றாள்.

அந்த வியாழக்கிழமை இருவரும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே தள்ளுவண்டியில் திணித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே இருந்த நர்சம்மா பிரசவம் பார்ப்பதிலேயே இருபது வருஷம் கழித்தவர். மறுபடி சோதனை செய்து, கர்ப்பம் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச்சத்து குறைவு. தூக்கம் அதனால்கூட இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். மார்பு கனப்பதையும் குமட்டலையும் கேட்டுவிட்டு, பீரியட்ஸ் பக்கத்தில் வந்துவிட்டதோ என்னவோ என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். குழந்தை அடிக்கடி சப்பிக் குடிக்கும்போது பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ஏறும். அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். இரவுப் பாலும் சேர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். சிலருக்கு இரண்டு மாதம், சிலருக்கு ஒன்றரை வருஷம். ஆனால் பால் கொடுப்பதையே கருத்தடையாக நம்புவதென்றால், குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது, பகலும் இரவும் நீண்ட இடைவெளி விடாமல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், பீரியட்ஸும் திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று போனாலும் நம்ப முடியாது. முட்டைதான் முதலில் வரும், பீரியட்ஸ் அதற்குப் பின்னால்தான். ஒரு பீரியட்ஸைக்கூடப் பார்க்காமலே மறுபடி கர்ப்பமானவர்கள் உண்டு. பால் கொடுக்கும்போதே பயன்படுத்தக்கூடிய வழிகளையும் சொன்னார். இளையவள் ஒவ்வொன்றையும் போனில் குறித்துக்கொண்டாள்.

எழுந்திருக்கும் நேரத்தில் மூத்தவள் மட்டும் நாற்காலியை விடவில்லை.

"எனக்கு ஏழே வாரத்துல வந்துருச்சு. என் பால் சரியில்லாததாலயா?"

ஒன்பது மாதமாக அவள் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நர்சம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"பகல்ல இடைவெளி விழுந்துச்சு, உடம்பு பழைய வேலையை ஆரம்பிச்சுருச்சு. அவ்வளவுதான். இடைவெளியே விடாம கொடுத்தும் சீக்கிரம் வந்தவங்க இருக்காங்க. உங்க பால்ல ஒரு குறையும் இல்லம்மா."

தாத்தா அவருடைய ஃபைலின் மூலையை ஈரமாக்கிக்கொண்டு, மேலும் கீழும் இரண்டிரண்டு பல்லோடு யோசித்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் இளையவள் வண்டியை நிறுத்தினாள். "நான் என்ன நினைச்சுட்டு இருந்தேன் தெரியுமாக்கா? உங்க உடம்புதான் சரியா இருக்கு, எனக்குத்தான் எல்லாம் நின்னுபோச்சுன்னு."

"ரெண்டு பேரும் நல்லா இருந்தோம் போ," என்றாள் மூத்தவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைத் தள்ளினாள்.

ஒன்பது நாள் கழித்து, உயிர்காப்புத் தேர்வு. குளத்து டீச்சர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எழுத வேண்டியது, அல்லது நீந்த வேண்டியது. காலை எட்டரை மணிக்கு லாக்கர் அறையில் உடை மாற்றும்போது இளையவளுக்குப் பீரியட்ஸ் வந்தது. இருபது மாத இடைவெளி. பையில் ஒரு துண்டுப் பஞ்சுகூட இல்லை. மூத்தவளுக்குப் போன் போட்டாள். மூத்தவள் மெழுகுப் பல்லை அப்படியே மேசையில் விட்டுவிட்டு, சைக்கிளை மிதித்து, மூன்று வகை நாப்கினும் ஒரு கறுப்பு பேண்டும் கொண்டுவந்து கொடுத்தாள். மூச்சு வாங்கியபடி ரெண்டு கோடு போட்டவளே என்று ஒரு குத்தும் விட்டுப் போனாள்.

ரத்தப்போக்கு அதிகமாக இருந்தது, தலையும் லேசாகச் சுற்றியது. தேர்வு நடத்துகிற அம்மாவுக்கு விசில் என்று பட்டப்பெயர். வாயிலிருந்து அதை எடுத்து யாரும் பார்த்ததில்லை. இளையவள் நேராகப் போய் விஷயத்தைச் சொன்னாள். விசில் வாயிலிருந்து விசிலை எடுத்தாள்.

"எனக்கு நாலு மாசம் காணாம போகுது, திடீர்னு வந்து நிக்குது. உனக்குத் திரும்பி வருது, என்கிட்ட விடைபெறுது. தலை சுத்துதுன்னா தண்ணில இறங்காத. கரையில செய்யறதை இன்னிக்குச் செய், நீச்சலை அடுத்த வாரம் வச்சுக்கலாம்."

அப்படியே ஆனது. அன்றைக்குக் கயிறு வீசினாள், ரப்பர் பொம்மைக்கு மூச்சு ஊதினாள். அடுத்த வாரம் ஆழத்தில் முங்கி அதே பொம்மையைத் தூக்கி வந்து தேறினாள்.

மேனேஜருக்குத்தான் இந்த மாற்றம் பிடிக்கவில்லை. இரண்டு நாள் பால் கொஞ்சம் குறைந்தது. வாயை வைப்பதும் தலையைத் திருப்பிக் கத்துவதுமாக வீட்டை ஆட்டிவைத்தாள். மூன்றாம் நாள் பால் பழையபடி இறங்கியது, புகாரும் நின்றது.

அடுத்தது நாற்பத்து மூன்று நாள் கழித்து வந்தது. அதற்கடுத்தது இருபத்தாறில். பிறகு முப்பத்தைந்து. எவ்வளவு மோசமான மழையிலும் தன் பஸ் இப்படி முன்னேபின்னே வந்ததில்லை என்று கணவன் சொன்னான். அவனுக்கு என்ன, ஒரு ஸ்டாப்பில் நின்று சிகரெட் பிடித்துவிட்டுப் போகலாம் என்று இளையவள் திருப்பிக் கொடுத்தாள். முதல் சில மாதம் ஒழுங்கு எதிர்பார்க்காதே என்று நர்சம்மா சொல்லியிருந்ததால் இம்முறை அவள் பயப்படவில்லை.

கோடை தொடங்கியபோது மூத்தவள் நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் கைப்பிடிக் கம்பியை விடவே மாட்டேன் என்றாள். இளையவள் அவள் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, மூச்சை விடுங்கக்கா, வயித்தை இறுக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் காதுவரை தண்ணீர் ஏற, கண்ணை மூடிக்கொண்டு மூத்தவள் மல்லாக்க மிதந்தாள். கரையில் இரண்டு பிள்ளைகளும் ஒரே மிதவைப் பலகைக்காகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள்.