நவுன் எத்தனை வகை என்று கேட்டவர்

1

கோபத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். 1991இல், ராஜபாளையத்தில், பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காபி தம்ளர்களை எடுக்கப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் மாமா பெண்ணிடம் ஆங்கில இலக்கணம் கேட்டார்:

"நவுன் எத்தனை வகைம்மா? உதாரணத்தோட சொல்லு."

பதிலைக் கேட்குமுன் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கேள்வி மட்டும் நிஜம். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

பெண்ணுக்குப் பரிபூரணம் என்று பெயர் வைக்கிறேன். என்னைப் போலவே பி.எஸ்சி. வேதியியல். வேலை கிடைக்கவில்லை. வீட்டில் ஆங்கில டியூஷன் எடுக்கிறாள். அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

பரிபூரணம் ஜன்னல் வழியே மலையைப் பார்த்—

(இல்லை. கதைகளில் எல்லாப் பெண்களும் மலையைப் பார்க்கிறார்கள். இந்த ஜன்னலில் மலை தெரியாது. டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் நிற்கிறார்கள்.)

"ஏட்டி, டீச்சருக்கே பரீச்சையாம்!"

"செத்த சும்மா இரு. சொல்லுதாளான்னு பாப்போம்."

3

மாமாவின் பெயர் சௌந்தரபாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை. [அவரைக் கொஞ்சம் நல்லவராக்கலாமா என்று யோசித்தேன். முடியவில்லை.] வந்து உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்: "கல்யாணத்துக்குப் பொறவு டியூஷன் கியூஷன் எல்லாம் கெடையாது."

4

முதல் முடிவு: சொல்கிறாள். ப்ராப்பர் நவுன், மம்சாபுரம். காமன் நவுன், ஊர். கலெக்டிவ் நவுன், கூட்டம். மெட்டீரியல் நவுன், பஞ்சு. அப்ஸ்ட்ராக்ட் நவுன், கோபம்.* மாமா தலையாட்டுகிறார். நிச்சயமாகிறது. மாமா சொன்னபடியே டியூஷன் போகிறது.

இரண்டாவது: வாய் திறக்கவில்லை. வந்தவர்கள் எழுந்து போகிறார்கள். டீச்சருக்கு நவுனே தெரியாதாம் என்று மறுநாள் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள். டியூஷன் போகிறது.

* தொட முடியாதது என்றுதான் சொல்லிக்கொடுப்பாள். தப்பு. அன்று அது கையிலிருந்த பலகாரத் தட்டைப் போலக் கெட்டியாக இருந்தது.

5

இரண்டும் எனக்கு வேண்டாம்.

"சொல்லேன்ட்டி, தெனமும் கத்துறதுதானே," என்றாள் பெண்ணின் அம்மா ஆவுடையம்மாள்.

பரிபூரணம் காலித் தட்டைத் தரையில் வைத்தாள். சத்தம் கேட்கும்படி.

"திங்கக்கெழம சாயங்காலம் வாங்கய்யா. ஆறாம் வகுப்புக்கு அதான் பாடம். பாயில உக்காரணும். நடுவுல பேசக் கூடாது."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. எழுந்து செருப்பைத் தேடினார்.

டியூஷன் பிழைத்ததா? அதை நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு நேரம் ஜன்னலில் நின்று பார்த்தது நீங்களும்தான். பெரிய மனிதரிடம் இப்படிப் பேசியவளிடம், திங்கட்கிழமை உங்கள் மகளை அனுப்புவீர்களா?