மாமா பேசிய வசனம்

சினிமாவில் வக்கீலாக இருப்பது சுகம். வராந்தாவில் காத்துக் கிடக்க வேண்டாம், கட்டுக்கட்டாகக் காகிதம் படிக்க வேண்டாம். அங்கியைச் சுழற்றிக்கொண்டு நடந்து மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் போதும், குற்றவாளி கூண்டிலேயே தேம்பி அழுதுவிடுவான். நிஜ மேசையைத் தட்டினால் நீதிபதி முதலில் வக்கீலைத்தான் வெளியே அனுப்புவார். இது நிஜ வக்கீலான அவளுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது.

மாமா தையல்காரர், அவள் அம்மாவின் தம்பி. கோர்ட் படம் ஒன்று விடாமல் பார்த்தவர். கடைச் சொந்தக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கீழ்க்கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டார். அப்பீல் முடியும்வரை அதற்குத் தடை கிடைத்தால் மாமா பிழைத்தார். இல்லாவிட்டால் மெஷினோடு தெருவில்தான். மாமா கவலையே படவில்லை. அக்கா மகளே வக்கீல் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தார்.

தடை மனு விசாரணைக்கு வந்த அன்று எதிர்த்தரப்பு வக்கீல் முழங்கித் தள்ளினார். மாமா வாயைப் பிளந்து ரசித்தார், அவர் யாருக்காகப் பேசுகிறார் என்பதே மறந்துபோய்.

அவள் முறை வந்தது. காகிதங்களை முன்பே படித்திருந்த நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கடையை விட்டால் இவர் தொழில் செய்ய வேறு வழி உண்டா? இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நீதிபதி பேனாவைத் திறந்தார். ஜெயிக்கிற நேரத்தில் வக்கீல் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள அவளுக்குப் பல வருஷம் ஆனது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவுதானா? இதற்கா கறுப்பு அங்கி? பின்வரிசையில் எழுந்து நின்றார். அவள் திரும்பிக் கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் அதைப் பார்க்கும் நிலையில் இல்லை.

"கனம் நீதிபதி அவர்களே! நான் இடம் கேட்டுப் பிச்சையெடுக்க வரவில்லை, நீதி கேட்டு வந்திருக்கிறேன். இந்தக் கடை போனால் போகட்டும். மரத்தடியில் மெஷினைப் போட்டுப் பிழைக்க இந்தக் கைகளுக்குத் தெரியும்!"

பேனா நின்றது. மரத்தடியில் சமாளித்துக்கொள்ள முடியுமா என்று நீதிபதி பொறுமையாகக் கேட்டார்.

"தாராளமா," என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி.

தடை கிடையாது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

வராந்தாவில் முன்பின் தெரியாத இரண்டு பேர் மாமாவின் கையைக் குலுக்கினார்கள். உத்தரவு இன்னும் அவர் காதில் ஏறவில்லை. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"என் பேச்சு எப்படிம்மா?"

"நல்லாத்தான் இருந்துச்சு மாமா," என்றாள். "எந்த மரம்னு பாத்து வச்சிட்டீங்களா?"