புண்ணுக்குச் சீனி

பெரிய டொக்டர் நீட்டிய கடதாசியில் நான் கையெழுத்துப் போடவில்லை. என் மனிசன் ஏரம்புவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. திருக்கை முள் குத்திய குதிக்காலில் புண் குழிவிழுந்து சீழ் வடிந்தது. பெனிசிலின் போட்டார்கள், அதற்கு மேலான ஊசிகளும் போட்டார்கள். கிருமி எல்லா மருந்துக்கும் பழகிவிட்டதாம். பழகினால் பழகட்டும். ஒற்றைக் காலில் வள்ளத்தில் நின்று வலை இழுத்தவனைப் பருத்தித்துறையில் நான் கண்டதில்லை.

"போடு பத்மாசினி. நோ தாங்கேலாமக் கிடக்கு," என்றார் அவர்.

"நீங்கள் பேசாமப் படுங்கோ," என்றேன்.

வார்டைப் பார்க்கும் மகாதேவி டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "ஒரு பழைய வழி இருக்கு. புண்ணைக் கழுவி, வெள்ளைச் சீனியை நிரப்பிக் கட்டுறது. ஒவ்வொரு நாளும் மாத்தவேணும். சரிவரும் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். காய்ச்சல் ஏறினா வெட்டத்தான் வேணும், ஓமோ?"

"சீனி என்னத்தைச் செய்யும்?"

"ஈரத்தை உறிஞ்சிப்போடும். ஈரமில்லாட்டிக் கிருமி பெருகாது."

"கருவாட்டுக்கு உப்புப் போடுற மாதிரியோ?"

அவர் சிரித்துவிட்டார். "அப்பிடித்தான். ஆனா சீனி நீங்கள்தான் கொண்டுவரவேணும். இஞ்சை தேத்தண்ணிக்கே இல்லை."

அது எழுபத்துநாலாம் ஆண்டு. சங்கக்கடையில் கூப்பனுக்குச் சீனியைக் கிள்ளித்தான் தருவார்கள். ஊரே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தது. இரண்டு தரம் புண்ணைக் கட்டவே எங்கள் பங்கு தீர்ந்துபோனது. வெட்கம் பார்த்தால் கால் போய்விடும் என்று மச்சாள் பாலேஸ்வரியிடம் ஓடினேன். அவள் என் மனிசனின் தங்கை.

"கொண்ணையின்ரை காலுக்குச் சீனி," என்றேன். அவசரத்தில் அவ்வளவுதான் வாயில் வந்தது.

"ஐயோ, அண்ணைக்குச் சீனியோ!" என்று அவள் நெஞ்சில் கைவைத்தாள். பொழுதுபட முன்னம் ஏரம்புவுக்கு நீரிழிவாம், சீனி வருத்தமாம், அதுதான் காலை வெட்டப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கக் கதை. விடிந்ததும் எங்கள் படலையடியில் பாவற்காய் குவிந்தது. சீனி வருத்தத்துக்குப் பாவற்காய் நல்லதாம். சீனி கேட்டு எந்த வீட்டுக்குப் போனாலும் மனிசனுக்கு நஞ்சு வைக்க வந்தவளைப் பார்க்கிற பார்வை பார்த்தார்கள். "சீனி வருத்தக்காரனுக்குச் சீனியோ? உனக்கென்ன விசரே?" என்று கேட்டார்கள். பாவற்காயை வைத்தா புண்ணைக் கட்டுவது? உண்மையிலேயே எனக்கு விசர் வந்தது.

கடகத்தோடு பாவற்காயைத் தூக்கிக்கொண்டு போய் மீன் சந்தை நடுவில் கவிழ்த்தேன்.

"எல்லாரும் கேளுங்கோ. அவருக்குச் சீனி வருத்தம் இல்லை. சீனி வாய்க்கில்லை, புண்ணுக்கு. நம்பாட்டி ஆசுப்பத்திரிக்கு வந்து கண்ணாலை பாருங்கோ. பாத்திட்டுச் சீனி கொண்டுவாங்கோ. அந்தக் காலை நான் விடமாட்டன்."

"புண்ணிலை சீனி போட்டா எறும்புதான் வரும்," என்றான் ஒருவன்.

"வரட்டும். அதையும் பாப்பம்."

எறும்பு வந்ததுதான். கட்டில் கால்களைத் தண்ணீர் விட்ட பால்பேணிகளில் தூக்கி வைத்தேன். முதலில் வந்து பார்த்தவள் பாலேஸ்வரி. மகாதேவி டொக்டர் கட்டை அவிழ்த்தபோது மூக்கைப் பொத்தினாள், பிறகு கையை எடுத்தாள். நாற்றம் குறைந்திருந்தது. மறுநாள் தன் வீட்டுச் சீனி முழுவதையும் போத்தலோடு கொண்டுவந்து என் கையில் திணித்தாள். அவள் வாய்தான் கதையைப் பரப்பியது, அதே வாய் இப்போது சந்தையில் எனக்காகச் சண்டை பிடித்தது. கடதாசிச் சுருளிலும் பேணியிலும் சீனி வரத் தொடங்கியது. சீழ் வற்றியது. குழியின் அடியில் சிவப்பாகச் சதை ஏறியது.

பெரிய டொக்டர் ஒருநாள் வந்து விரலால் அழுத்திப் பார்த்தார். "அதிட்டக்காரன்," என்றார்.

"அதிட்டமில்லை ஐயா. ஊரிலை ஒருத்தரும் சீனி போட்டுத் தேத்தண்ணி குடிக்கேல்லை," என்றேன்.

புண் மூடியபிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு என் மனிசன் வலது காலை நிலத்தில் ஊன்றினார். முகம் சுருங்கியது.

"நோகுது பத்மாசினி."

"நோகட்டும். இருக்கிற கால்தானே நோகும்," என்றேன். சொல்லி முடிக்க முன்னம் எனக்கு அழுகை வந்துவிட்டது.