ஜரிகை டப்பா

பஞ்சாட்சரத்துக்குத் தன் கையே தனக்குதவி. மிக்ஸி மக்கர் செய்தால் அவரே பிரிப்பார், சைக்கிள் பஞ்சரானால் அவரே ஒட்டுவார், பல் வலிக்கு மட்டும்தான் அடுத்தவரிடம் போவார் என்று பிள்ளையார்பாளையத்தில் அவரைக் கேலி செய்வார்கள். பட்டு நெய்கிற கைக்கு எதுதான் வராது என்பது அவர் கட்சி. அவர் மனைவி சங்கீதாவும் இருபத்திரண்டு வருஷமாக அதே கட்சியில்தான் இருந்தாள், போன புரட்டாசியில் அவளுக்கு ஷாக் அடிக்கும்வரை.

பெரிய ஷாக் இல்லை. குழித்தறியில் அவர் புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா, அதாவது ஊடிழை சுற்றிய கண்டு வைத்த சின்ன மரத்தோணி, போடுவது அவள் வேலை. அன்றைக்கு நாடாவை வாங்கும்போது தறியின் இரும்பு போல்ட்டில் விரல் பட்டது. யாரோ நகத்தில் சுண்டியது போல இருந்தது.

"ஏங்க, கரண்டு அடிக்குது."

"எனக்கு ஒண்ணும் அடிக்கலயே. எறும்பு கடிச்சிருக்கும்மா."

எறும்புக்கும் கரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத வயசா அவளுக்கு? ஆனால் அவள் அண்ணாந்து பார்த்தது தறியை ஒட்டிச் சுவரில் தொங்கிய டப்பாவைத்தான்.

அந்த டப்பாவுக்கு ஒரு கதை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாட்சரத்துக்கு முட்டி போய்விட்டது. இனிமேல் காலால் அழுத்தி மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிதிக்காமல் எப்படி நெய்வது? தறிக்கு மேலே இருந்து டிசைனுக்கு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியை இயக்க ஒரு சின்ன மோட்டார் வாங்கி மாட்டினார்கள். மோட்டாரைக் கடையில் வாங்கினாரே தவிர, ஒயர் இழுத்தது அவர்தான். சுவரில் நாலு ஒயர் ஒன்றுசேரும் இடத்துக்கு ஒரு பெட்டி வேண்டியிருந்தது. அதையும் கடையில் வாங்கினால் அப்புறம் கை எதற்கு? ஜரிகை சுற்றிய கட்டைகளை வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் சூடான ஆணியால் ஓட்டை போட்டு, ஒயரை நுழைத்து, முறுக்கி, டேப் சுற்றி, மூடிக்கு ரப்பர் பேண்டு மாட்டித் தொங்கவிட்டார். தெருவில் நாலு பேர் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். சங்கீதாவும் மெச்சினாள். அந்த டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

இரண்டு நாள் கழித்து, அவர் எவ்வளவோ முகம் சுளித்தும் கேட்காமல், எலக்ட்ரீஷியன் கௌஸ் பாஷாவைக் கூட்டிவந்தாள். வந்தவர் போல்ட்டில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு வந்து டப்பாவைத் திறந்தார். டேப்புக்கு அடியில் சிக்கி, ஓட்டை வழியாக வெளியே வந்து, போல்ட்டைத் தொட்டுக்கொண்டு ஒரு சாண் ஜரிகை மினுங்கிக்கொண்டிருந்தது. குறடால் பிடித்து உருவினார்.

"இது இன்னாம்மா?"

"ஜரிகை, பாய்."

"வெள்ளிம்மா. கரண்டுக்கு இத விட ஜோரான ரோடு கெடைக்குமா? டப்பாவ நல்லா தொடைக்காம மாட்டியிருக்குது. இன்னிக்கு எடுத்துட்டேன். நாளைக்கு இன்னொண்ணு வந்து ஒக்காரும். இந்த ரூம்ல ஜரிகைத் துணுக்கு பறக்காத நாளு ஏது?" என்றவர் பஞ்சாட்சரத்திடம் திரும்பினார். "குழியில ஈரம், கால்ல செருப்பு இல்ல, தலைக்கு மேல மோட்டாரு. ஒழுங்கான பெட்டி போட்டு எர்த் இழுத்தே ஆவணும். கண்ணு கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம் பண்ணி இன்னா பிரயோஜனம்?"

"எர்த் எப்படி பாய் இழுப்பே?"

"செவுத்த ஒடைச்சிதான்."

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு தறியைப் பார்த்தார்கள். பழைய சுண்ணாம்புச் சுவர். ஓர் ஆணி அடித்தால் ஒரு படி சுண்ணாம்பு கொட்டும். தறியிலோ சந்தன நிறப் பாவு, மூன்று புடவைக்கு உண்டான நீளவாட்டுப் பட்டிழை, விரிந்து கிடந்தது. சுண்ணாம்புத் தூசி பட்டால் பட்டின் சாயம் போய்விடும். துணி போட்டு மூடினாலும் மாவு மாதிரி உள்ளே இறங்கிவிடும். போன வருஷம் பக்கத்து வீட்டு தினேஷ் சுவரைப் பூசப்போய், அவன் பாவு முழுக்கப் புள்ளி விழுந்து, மூன்று புடவையும் திரும்பி வந்தது. அந்த டப்பாவை மாட்டியதோ முட்டி வலியில் தறி பாவில்லாமல் சும்மா கிடந்த நாளில்.

"மூணு பொடவையும் நெஞ்சி முடிச்சி அறுத்த அப்பால ஒரு நாளு தறிய சும்மா போடறேன். அன்னிக்கு வந்து இன்னா வேணா ஒடைச்சிக்க" என்றார் பஞ்சாட்சரம்.

"அதுவரைக்கும் மோட்டார கழட்டிடுபா."

"முட்டிய கழட்டி மாட்டறதுக்கு ஆளு இருந்தா சொல்லு."

கௌஸ் பாஷா டெஸ்டரைப் பையில் போட்டார். அவர் நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர். பாவு இருக்கிற தறிப்பக்கம் உளியை எடுத்தால் பாவம் என்று அவருக்கும் தெரியும். வாசலில் செருப்பை மாட்டும்போது சங்கீதாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏதாவது ஆச்சின்னா அவர தொட்டுடாதம்மா. முதல்ல மெயின். அது முடியலன்னா காஞ்ச கட்டையால தள்ளிவிடு." அவள் தலையாட்டினாள். சுவிட்சுப் பலகை வாசல் அறையில் இருந்தது. தறியிலிருந்து எழுந்து, இரண்டு படி ஏறி, வலது பக்கம் திரும்பி ஓட வேண்டும்.

மறுநாளே அவள் போய்ச் சரியான பெட்டி வாங்கிவந்தாள். சாம்பல் நிறம், ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம், மூடிக்கு நாலு திருகாணி. சுவரில் துளை போடும் நாள்வரை இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்தாள். வாங்கி வைத்ததிலேயே பாதி நிம்மதி வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஜரிகைக் கட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன.

"ஈரமே ஏறலம்மா. ஜரிகை கருக்காம அப்படியே இருக்குது" என்று பஞ்சாட்சரம் பெருமையாகச் சொன்னார்.

ஜரிகைப் பெட்டியில் கரண்டு, கரண்டுப் பெட்டியில் ஜரிகை. சங்கீதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றும் தண்ணீர் நிற்கவில்லை.

"செருப்பாவது போட்டுக்கினு ஒக்காருங்களேன்."

"தறிக்குழியில செருப்பா? கும்பிட்டு எறங்கற எடம்மா அது."

அவளும்தான் தினம் கும்பிட்டு இறங்குகிறாள்.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. குழியின் மண் கசிந்தது. ஈரத்துக்கு என்று பஞ்சாட்சரம் கீழே ஒரு கோணியை விரித்தார். சங்கீதா பரணிலிருந்து பழைய தறியின் மரக்கோல் ஒன்றை எடுத்துத் துடைத்து, வெயில் கண்ட நேரமெல்லாம் காயவைத்து, தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா கோலு?"

"பூனை வருதுங்க."

முதல் புடவை அறுத்தார்கள். இரண்டாவது அறுத்தார்கள். மூன்றாவது புடவையின் முந்தானை முடிந்த அன்று, சங்கீதா கௌஸ் பாஷாவுக்கு போன் போட்டு மறுநாள் பதினொரு மணிக்கு வரச்சொன்னாள். அன்று ராத்திரிதான் பல நாளுக்குப் பிறகு அடித்துப்போட்டது போலத் தூங்கினாள்.

காலையில் ரேஷன் கடைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பையோடு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். தறியில் செல்லியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்துக்கொடுப்பவள் அவள். பாதிக்கு மேல் முடித்திருந்தாள். புதுப் பாவு பால் வெள்ளை.

"நாளைக்கு நானு தாமலுக்குப் போறேன் சங்கீதா, பொண்ணுக்குப் பிரசவம். வர ஒரு மாசம் ஆவும். அதான் உங்க வீட்டுக்காரரு இன்னிக்கே வரச்சொல்லிட்டாரு" என்றாள் செல்லியம்மாள், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. சங்கீதா பையைக் கீழே போட்டாள். வெளி ஆள் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் கத்தினாள். "ஒரு நாளு! ஒரே ஒரு நாளுதானே கேட்டேன்!"

பஞ்சாட்சரம் தலையைக் குனிந்துகொண்டார். "தையில முகூர்த்தம், பொடவை போயாவணும். இந்தம்மாவ உட்டா வேற ஆளு இல்ல. நான் இன்னாம்மா பண்றது?"

பதினொரு மணிக்கு கௌஸ் பாஷா டிரில் மிஷினோடு வந்தார். வெள்ளைப் பாவைப் பார்த்தார். உறையிலிருந்து பாதி எடுத்த மிஷினைத் திரும்ப உள்ளே வைத்தார். "அடுத்த பாவுக்கு வரேம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் புதுப் பாவில் நெய்ய உட்கார்ந்தார்கள். வெளியே விடாமல் தூறிக்கொண்டிருந்தது. சங்கீதாவின் கை தவறி நாடா குழிக்குள் விழுந்தது. எடுக்க இறங்கினாள். அது கோணியின் ஓரத்தில் சொருகிக்கொண்டிருந்ததால் கோணியைத் தூக்கினாள்.

அடியில் ரப்பர். பழைய லாரி டியூபை அறுத்து விரித்து, குழியின் அளவுக்கு ஓரம் கத்தரித்து, ஆணியடித்து வைத்திருந்தது. அவருடைய வேலைதான், அந்தச் சுத்தம் வேறு யாருக்கும் வராது. அவர் கால் வைக்கிற பக்கம் ஒரு மடிப்பு. அவள் கால் வைக்கிற பக்கம் இரண்டு மடிப்பு. ஒரு மாதத்துத் தூசியும் பட்டுத் துணுக்கும் அதன் ஓரத்தில் படிந்திருந்தன.

அப்படியானால் இவருக்கும் அடித்திருக்கிறது. எத்தனை தரமோ.

"கீழ இன்னாங்க இது?"

பஞ்சாட்சரம் பாவைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எறும்பு வருதும்மா. அதான்."

அவர் கண் அவள் பக்கத்தில் கிடந்த மரக்கோலுக்குப் போய்த் திரும்பியது. பூனையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

சங்கீதா கோணியைச் சுருக்கமில்லாமல் விரித்து மூடிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தாள். அவர் சுவாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மோட்டாரைப் போட்டார். ஜக்கார்டு இழைகளைத் தூக்கியது. அவர் நாடாவை விட்டார். சங்கீதா கோலை இன்னும் ஒரு சாண் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, கரைக்கு நாடா போட்டாள்.